கோடுகள் முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை

நான்கு மாதமாக என் லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரேயடியாகப் போயிருந்தால் இரண்டு நாளில் ஏதாவது செய்திருப்பேன். இது அந்த ரகம் இல்லை. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு மீட்டிங்கில் முக்கியமான ஆள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அவர் முகம் அப்படியே உறைந்து நிற்கும். நான் எழுந்து போய் ரவுட்டரை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். திரையின் மூலையில் இருக்கும் வைஃபை குறி மட்டும் இந்த உலகத்தில் எதுவுமே நடக்காததுபோல முழுக் கோடுகளோடு இருக்கும்.

முதலில் திட்டு வாங்கியவர்கள் இணைப்புக் கொடுத்தவர்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். போட்டேன், வந்தது. மறுநாள் மறுபடியும் போனது. மூன்றாவது தடவை பேசியபோது கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் பொறுமை இழக்காமல், "சார், எங்க பக்கம் லைன் சுத்தமா இருக்கு" என்றார். எல்லோரும் ஒப்பிக்கும் வசனம்தானே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். அந்த மனிதர் சொன்னது முழு உண்மை என்பது எனக்குப் புரிய இன்னும் மூன்று மாதம் ஆனது.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறதே, அப்படியானால் ரவுட்டர்தானே காரணம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் கோளாறு ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நிமிடம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும் வகை. ரவுட்டரைத் தேடிப் போய், அணைத்து, போட்டு, அது உயிர் வந்து விளக்குகள் பச்சையாவதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஐந்தாவது நிமிடத்தில் நான் என்ன செய்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விட்டு விட்டு வரும் கோளாறுகள் எல்லாவற்றிலும் இந்த ஏமாற்று உண்டு.

அந்த மூன்று மாதத்தில் செய்ததையெல்லாம் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று தடவை புதுப்பித்தேன். டிஎன்எஸ்ஸை மாற்றினேன். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் மாதிரி. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் அறுபடும் அழைப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் அழுத்தினேன். சேமித்து வைத்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் அத்தனையும் போயின, அலுவலக விபிஎன் அமைப்பும் சேர்ந்து போனது. கோளாறு மட்டும் போகவில்லை. நண்பர் ஒருவரிடம் சிக்னலை நீட்டித்துத் தரும் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி நடுக்கூடத்தில் செருகினேன். அது வாங்கும் அலையிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரகம். ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டியிருந்ததால் வேகம் பாதியாகக் குறைந்ததுதான் மிச்சம். இவ்வளவையும் ஒரே வார இறுதியில் அடுத்தடுத்துச் செய்தேன் என்பதுதான் பெரிய முட்டாள்தனம். ஒருவேளை சரியாகியிருந்தால்கூட எதனால் சரியானது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

திருப்பம் என் மகளிடமிருந்து வந்தது. ஒருநாள் நெட் போய் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அதே அறையில் தரையில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அப்பா, எனக்கு நல்லாத்தானே வருது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அதே வைஃபைதான். வீடியோ தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் இணைப்புக் கொடுத்தவர், ரவுட்டர், வெளி லைன் எல்லாமே வழக்கிலிருந்து விடுதலை. மிச்சம் இருந்தது லேப்டாப்பும், லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் காற்றும்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது. செலவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது: கோளாறு நடக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், வேறொரு கருவி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. "அதே நேரத்தில்" என்பது முக்கியம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

அன்று மாலை பாதி எழுதிப்போட்ட ஒரு நோட்டை எடுத்து வைத்தேன். இரண்டு கறுப்புச் சாளரங்களைத் திறந்தேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்பார்களே, அது. ஒன்றில் என் ரவுட்டருக்கே பிங் போட்டேன். பிங் என்பது "இருக்கிறாயா" என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. பல வீட்டு ரவுட்டர்களின் எண் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் வந்துவிடும். இன்னொன்றில் வெளியே இருக்கும் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவை, எப்போதும் விழித்திருக்கும். பிங் வரியின் கடைசியில் ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால் நிறுத்தச் சொல்லும் வரை விநாடிக்கு ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சாளரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இதில் விஷயம் எளிது. வெளிச் சாளரம் மட்டும் தடுமாறி, ரவுட்டர் சாளரம் ஒழுங்காக ஓடினால் தவறு வீட்டுக்கு வெளியே. இரண்டும் சேர்ந்து தடுமாறினால் வைஃபையிலேயே தவறு. எனக்கு இரண்டும் சேர்ந்தே தடுமாறின. வழக்கமாக 2, 3, 2 மில்லிசெகண்ட் என்று வரும் ரவுட்டரின் பதில் திடீரென்று 340 என்றது, அப்புறம் 900 என்றது, அப்புறம் வரிசையாக "ரிக்வஸ்ட் டைம்டு அவுட்". பத்தடி தள்ளி இரண்டு சுவருக்கு அப்பால் இருக்கும் பெட்டியிடமிருந்து பதில் வரவில்லை! ஒவ்வொரு தடவையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது எங்கே உட்கார்ந்திருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நோட்டில் எழுதினேன்.

இன்னொரு பொருளும் உதவியது. விண்டோஸில் வயர்லெஸ் வரலாற்றை ஓர் அறிக்கையாக எடுத்துத் தரும் கட்டளை ஒன்று இருக்கிறது, டபிள்யூலான் ரிப்போர்ட் என்று தேடினால் கிடைத்துவிடும். கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று வரைபடத்தோடு காட்டும். என்னுடையதில் அறுந்ததற்கான சிவப்புக் குறி அநேகமாக இல்லவே இல்லை. அதாவது நெட் போய்விட்டது என்று நான் தலையில் அடித்துக்கொண்ட நேரத்திலெல்லாம் வைஃபை இணைப்பு அறுபடவே இல்லை. இணைப்பு இருக்கிறது, ஆனால் அதன் வழியாக எதுவும் போகவில்லை. இது ஏதோ சிறிய வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் கடவுச்சொல், ரவுட்டர் வெளியே தள்ளிவிடுவது, வேறு நெட்வொர்க்குக்குத் தாவுவது ஆகிய மூன்று சந்தேகங்களை இது ஒரே அடியில் நீக்கிவிட்டது.

ஒரு வாரம் ஆனதும் நோட்டைப் புரட்டினேன். மேசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் எழுதிய நேரங்கள் இப்படி இருந்தன: 10:14, 11:14, 12:15, 2:15, 3:16. இதைப் பார்த்ததும் முதுகு சில்லிட்டது. காற்றும் சுவரும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. கடிகாரம் பார்த்து வேலை செய்வது கம்ப்யூட்டர் மட்டும்தான். மணிக்கு ஒருமுறை என் லேப்டாப்பில் என்ன நடக்கிறது?

நடப்பது பேக்கப். சில மாதங்களுக்கு முன் பழைய டிஸ்க் ஒன்று போய்ப் பாடம் கற்றுக்கொண்டு, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி லேப்டாப்பின் இடது பக்கம் நிரந்தரமாகச் செருகி வைத்திருந்தேன். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி வசதி மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை அதில் எழுதிவிடும். நாமாக மாற்றாவிட்டால் அதன் இடைவெளி ஒரு மணி நேரம்தான். சரி, பேக்கப் நெட் வழியாகப் போகவில்லையே, வயர் வழியாகத்தானே போகிறது? அதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது என்று இண்டெல் நிறுவனம் 2012லேயே ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. யுஎஸ்பி 3 வயரில் விநாடிக்கு 500 கோடி பிட் ஓடுகிறது. அந்த வேகத்தில் மின்சாரம் ஏறி இறங்கும்போது வயரும் செருகியும் சுற்றிலும் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் மூடிவிடுகிறது. வைஃபையின் பழைய பட்டை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியதும் அந்தப் பட்டையில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் கூடியதாக அந்த அறிக்கை சொல்கிறது. 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. உள்ளே கவசம் ஒழுங்காகச் சுற்றாத வயராக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். டிஸ்க்கோடு வந்த அரையடிக் குட்டை வயர்தான் என்னிடம் இருந்தது. டிஸ்க் லேப்டாப்பை ஒட்டியேதான் உட்கார முடியும்.

முழுக் கோடுகள் இருந்தும் நெட் வராததன் மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது. அந்தக் கோடுகள் காட்டுவது ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதை மட்டும். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பது அதில் வராது. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் பாதி காதில் விழாது. அவர் குரல் குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னலும் இரைச்சலும் தனித்தனியாக எண்ணில் தெரியும். விண்டோஸில் அந்த வசதி இல்லை. ஆனால் வைஃபை பண்புகளில் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும், அதைக் கவனித்தால் போதும். இரைச்சல் கூடி வார்த்தைகள் தொலைய ஆரம்பித்ததும், லேப்டாப்புக்குள் வைஃபையைக் கவனிக்கும் அட்டை நிதானமாகப் பேசத் தொடங்குகிறது. என்னுடையது சும்மா இருக்கும்போது 144 மெகாபிட் காட்டும்; டிஸ்க் ஓடும்போது 13 வரைக்கும் இறங்கியது.

உடனே நம்பிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே ஒரு பெரிய வீடியோக் கோப்பை டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டேன். பிங் சாளரத்தில் 3, 2, 3, 48, 410, டைம்டு அவுட், டைம்டு அவுட். நகலை நிறுத்தினேன். நான்காவது வரியிலேயே 3. மறுபடி ஓடவிட்டேன், மறுபடி போனது. மூன்று தடவை செய்து பார்த்தேன். நான்கு மாதமாக என்னைப் பைத்தியமாக்கிய கோளாறை ஸ்விட்ச் போட்டதுபோல் வரவழைக்கவும் நிறுத்தவும் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது மவுஸ். அந்தக் காலம் முழுக்க என் வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது இழுத்து இழுத்து நகரும், அம்புக்குறி குதிக்கும். பேட்டரிதான் தீர்ந்துவிட்டது என்று மூன்று தடவை புது பேட்டரி மாற்றினேன். மாற்றி முடிக்கும்போது சரியாகிவிடும், பழைய காக்கை, பழைய பனம்பழம். அந்த மவுஸின் குட்டிச் செருகி டிஸ்க் வயருக்குப் பக்கத்துத் துளையில்தான் இருந்தது. வைஃபையும் மவுஸும் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்கின்றன என்று ஒரு நாள் கவனித்திருந்தால் போதும், மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அவை இரண்டுக்கும் பொதுவானது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒன்றுதான்.

தீர்வு சாதாரணம். கவசம் சுற்றிய ஒரு நீள வயர் வாங்கி டிஸ்க்கை மேசையின் மறுமூலைக்குத் தள்ளினேன், மவுஸ் செருகியை வலப்பக்கத்துக்கு மாற்றினேன். லேப்டாப்பில் ஒரு பழைய யுஎஸ்பி 2 துளை இருந்தால் டிஸ்க்கை அதில் செருகினாலும் சரியாகிவிடும். வேகம் விநாடிக்கு 48 கோடி பிட்டாகக் குறையும், ஆனால் இந்த இரைச்சல் இருக்காது. இரவோடு இரவாகப் பேக்கப் எடுக்கிறவர்களுக்கு அந்த வேகமே தாராளம்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மீட்டிங்கில் குரல் தகரடப்பாவில் உருட்டியதுபோல் வந்தது.

அப்போது வந்த சோர்வைச் சொல்ல முடியாது. அப்படியானால் டிஸ்க் காரணமில்லையா? நேற்றுப் பார்த்ததெல்லாம் பிரமையா? டிஸ்க்கைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகக்கூட இருந்தேன். நோட்டுதான் தடுத்தது. மேசையில் எழுதிய நேரங்களுக்கு நடுவே வேறு சில வரிகளும் இருந்தன: 11:40, 4:05, 4:32, 5:50. இவற்றில் எந்த ஒழுங்கும் இல்லை என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். இப்போது பக்கத்தில் எழுதிய இடத்தைப் பார்த்தேன். எல்லாமே படுக்கையறை. மீட்டிங் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் உட்காருவேன். அங்கே டிஸ்க் இல்லை. ரவுட்டர் அடுத்த அறையில்தான் இருக்கிறது, அதனால் லேப்டாப் வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸில் கம்பீரமாக இணைந்திருக்கும். டிஸ்க்கின் இரைச்சல் அங்கே எட்டாது.

அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. இதனால்தான் நான் செய்த ஒவ்வொரு வைத்தியமும் பாதி வேலை செய்ததுபோலவும் செய்யாததுபோலவும் இருந்திருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சரியாகிறதா என்று ஆரம்பத்திலேயே சோதித்திருந்தேன். பக்கத்தில் போனபோதும் போனது, ஆகவே தூரம் காரணமில்லை, ஆகவே இரைச்சல் காரணமில்லை, லேப்டாப்பின் வைஃபை அட்டையே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புது அட்டை வாங்கவே இருந்தேன். ஒரு நோயை நீக்கியதும் மிச்சமிருக்கும் இன்னொரு நோயைக் காட்டி, முதல் மருந்தே பலிக்கவில்லை என்று நினைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

இரண்டாவதைக் கண்டுபிடித்தது என் திறமை இல்லை, தற்செயல். படுக்கையறையில் பிங் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3, 96, 4, 180, 210, 2, 95 என்று தாறுமாறாக வந்துகொண்டிருந்தது, அவ்வப்போது ஒன்று தவறியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பேட்டரி 10 சதவீதத்துக்கு வந்துவிட, சார்ஜரைச் செருகினேன். திரையைப் பார்த்தால் 2, 2, 3, 2, 2. எறும்பு வரிசை மாதிரி. சார்ஜரைப் பிடுங்கினேன். சில விநாடியில் 110, 3, 190. செருகினேன், 2, 2, 3.

மின்சேமிப்பு! மேசையில் சார்ஜர் எப்போதும் செருகியிருக்கும், படுக்கையறையில் இருக்காது. பேட்டரியில் ஓடும்போது வைஃபை அட்டை நடுநடுவே கண்ணயரும். இது தவறான வேலை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ரவுட்டர் பெரும்பாலும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் என்ற அறிவிப்பை ஒலிபரப்பும். தூங்கும் கருவிக்கு வந்த செய்திகளை ரவுட்டர் பிடித்து வைத்துக்கொண்டு, "உனக்குத் தபால் இருக்கிறது" என்று அந்த அறிவிப்பில் சொல்லும். கருவி அந்த நேரத்துக்குக் கண்விழித்து, இருந்தால் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் மறுபடி தூங்கும். என் பிங் எண்கள் நூறையும் இருநூறையும் ஒட்டியே குதித்தது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? ஒரு அறிவிப்பைத் தவறவிட்டால் நூறு, இரண்டைத் தவறவிட்டால் இருநூறு. மின்னஞ்சல் படிக்க இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பேச்சுக்கு இது விஷம். எல்லா லேப்டாப்பிலும் எல்லா ரவுட்டரிலும் இப்படி ஆவதில்லை. என் அட்டைக்கும் என் ரவுட்டருக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலுக்குப் போய், பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால் வயர்லெஸ் அடாப்டர் என்று ஒரு வரி இருக்கும். பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள். பேட்டரிக்கும் மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸ் வைத்தேன். டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மெண்ட் தாவலில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்த லேப்டாப்பில் வைஃபை காணாமல் போகும் தொல்லைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடமும் அந்த டிக்தான். சில புதிய லேப்டாப்களில் இந்தத் தாவலோ, பவர் ஆப்ஷன்ஸில் அந்த வரியோ தெரியாது. அப்படியானால் தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்துப் பார்ப்பதைத் தவிர வழி குறைவு. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் மதிப்பை 3இலிருந்து 2 ஆக்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும் என்பது உண்மை. நான் அளந்து பார்க்கவில்லை, தினசரி வேலையில் எனக்கு வித்தியாசம் தெரியவும் இல்லை.

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. கோளாறு ஒரு குறிப்பிட்ட சிஸ்டம் அப்டேட்டுக்கு மறுநாளே தொடங்கியிருந்தால் டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். எந்த நாளில் தொடங்கியது என்றே தெரியாமல் சும்மா புதுப்பித்துக்கொண்டிருப்பது என்னைப்போல் பொழுதுபோக்குதான்.

கையோடு ரவுட்டரிலும் சில விஷயங்களைச் சீர் செய்தேன். இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் இருந்தது, லேப்டாப் தன் இஷ்டத்துக்கு இங்கேயும் அங்கேயும் தாவிக்கொண்டிருந்தது. பெயரைப் பிரித்தேன். இப்போது எதில் இருக்கிறோம் என்று பார்த்த உடனே தெரிகிறது, சோதிக்கும்போது இது பெரிய உதவி. 2.4 பட்டையில் சேனல் (பட்டையை எண் போட்டுப் பிரித்த வழிகளில் ஒன்று) விஷயத்தில் நான் செய்திருந்த தவறு ஒன்றும் அப்போதுதான் தெரிந்தது. போனில் ஒரு வைஃபை ஆப் போட்டுப் பார்த்ததில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 1இலும் 6இலும் குவிந்திருந்தன. நடுவில் 3 காலியாகக் கிடந்தது, புத்திசாலித்தனமாக அதில் போய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சேனல்களுக்கு இடையே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு இணைப்போ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். 3இல் இருப்பவன் மேல் 1இன் வாலும் படும், 6இன் வாலும் படும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றது கேட்டு முறை வைத்துப் பேசும். பாதி மேலே ஏறிய சேனலிலிருந்து வருவது வெறும் இரைச்சலாகவே போய்ச் சேரும், முறையும் கிடையாது மரியாதையும் கிடையாது. 1, 6, 11 மூன்றுக்குள் கூட்டம் குறைந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான் சரி. நான் 11க்குப் போனேன், அகலத்தை 20 என்று கட்டிவைத்தேன்.

5 பட்டைக்கும் ஒரு குணம் உண்டு. பல நாடுகளில் 52இலிருந்து 144 வரையுள்ள சேனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்கு. ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் அந்த இடத்தை உடனே காலி செய்ய வேண்டும். அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரே பட்டியலிலிருந்து ஒரு நிமிடம் மறைந்து திரும்ப வருகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆட்டோ என்பதை விட்டு 36 என்று நிலையாக வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இதையெல்லாம் நான் வீட்டில் பெருமையாகச் சொல்லித் திரிந்ததன் பலன், அண்ணன் மகள் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, இதுவும் அதே பிரச்சினைதான்" என்றாள். அதே பிரச்சினை இல்லை. ரவுட்டருக்கு முன்னால் இரண்டடியில் வைத்தும் அவள் லேப்டாப்பில் சிக்னல் 44 சதவீதம். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள், பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். விண்டோஸின் கணக்கில் 100 சதவீதம் என்பது -50 டிபிஎம், 0 என்பது -100. அப்படிப் பார்த்தால் 44 என்பது -78. என் போனில் அதே இடத்தில் -38. பேச்சுக்கும் வீடியோவுக்கும் -67க்கு மேல் இருந்தால் நிம்மதி, -80ஐத் தொட்டால் மூச்சுத்திணறல்தான். ரவுட்டர் மடியில் இருக்கும்போதே சிக்னல் குறைவு என்றால் சேனலையும் டிரைவரையும் நோண்டிப் பயனில்லை, ஆண்டெனாவைப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பின் வைஃபை ஆண்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய இரண்டு வயர்கள் கீல் வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் அட்டையில் பொத்தான் மாதிரி அமுங்கி உட்காரும். திரையைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்பச் சிக்னல் மாறினால் கீல் பக்கம் வயர் நைந்திருக்கலாம். இவளுடையதில் கோணம் மாற்றியும் எண் அசையவில்லை. சமீபத்தில் திறந்தீர்களா என்று கேட்டேன். போன மாதம் பேட்டரி மாற்றினார்களாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பொத்தானும் கழன்று அட்டையின்மேல் சும்மா படுத்திருந்தன. நகத்தால் நேராக வைத்து அழுத்தினேன். 'டிக்' என்று மிக மெல்லிய ஓசை. அவ்வளவுதான் வேலை. கோணலாக அழுத்தினால் உடைந்துவிடும். இந்த வகைப் பொத்தான்களைச் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்கென்றே செய்திருக்கிறார்கள், எனவே விளையாட்டாகக் கழற்றிப் பார்க்கும் பொருளும் இல்லை. மூடிப் போட்டதும் 98 சதவீதம் காட்டியது.

"நாலு மாசம் ஆச்சுன்னு சொன்னீங்களே சித்தப்பா, இது நாலு நிமிஷம்தானே ஆச்சு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் நோட்டில் இப்போது வைஃபை பற்றிக் கடைசியாக எழுதியது ஆறு வாரத்துக்கு முந்தையது, அதுவும் மின்சாரம் போனதால். வாடிக்கையாளர் சேவை மனிதரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மவுஸிலிருந்து தீர்ந்துவிட்டதாக நினைத்துக் கழற்றிப் போட்ட பேட்டரிகளில் ஒன்று சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.